ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து: பி.எஸ்.ஏ. கூடினால் என்ன பொருள்?

(நம் சங்கத்தின் சமுதாயக் கூடத்தில் நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொது மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு மடலில் வெளியிடுகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவும் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில், இத்தனை ஆண்கள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். விஷயம் சுருக்கென்று தைத்திருக்கிறது என்று புரிகிறது. பெண்களும் வந்திருப்பதில் எனக்கு இன்னும் சந்தோஷம். ஏனென்றால் பாதி வீடுகளில் ஐயாவின் ரிப்போர்ட்டைப் படிப்பது அம்மாதான்.

முகாமில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் எடுத்தோம். 50 வயது தாண்டிய ஆண்களுக்கு அதில் பி.எஸ்.ஏ.யும் இருந்தது. அது என்ன என்று ரத்தம் எடுத்தவர்களும் சொல்லவில்லை, கொடுத்தவர்களும் கேட்கவில்லை. இரண்டு நாளில் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. அன்று ராத்திரி என் வீட்டு காலிங் பெல் நாலு தடவை அடித்தது. நாலு பேரும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பித்தார்கள்: "ஒண்ணுமில்லைங்க டாக்டர், சும்மா வந்தேனுங்க." கையில் போன். போனில் ஒரே ஒரு வரி சிவப்பாக, பக்கத்தில் 'எச்' என்ற எழுத்து. ஒருவர் அதற்குள் இணையத்தில் தேடி, மகனை பெங்களூரிலிருந்து கிளம்பி வரச் சொல்லிவிட்டார்.

அவர்களைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. காரணம், ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கே இது நடந்தது. குளிர் காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். நானே மாத்திரை எழுதிச் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது. அது முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, வருடாந்திர ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். பி.எஸ்.ஏ. 11.2. முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுக்குத் தைரியம் சொன்ன ஆள், இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கோயம்புத்தூரில் யூராலஜிஸ்டாக இருக்கும் என் கல்லூரி நண்பனுக்கு போன் போட்டு, "பயாப்ஸிக்கு எப்ப வரட்டும்?" என்றேன். அவன் கேட்டான்: "டேய், யூரின் இன்ஃபெக்ஷன் வந்து எத்தனை நாளாச்சு?" எட்டு வாரம் கழித்து அதே லேபில் மறுபடி எடுத்தேன். 3.1. படித்த பாடம் எல்லாம் பயம் வந்தால் மறந்துபோகும் என்பதற்கு நானே சாட்சி.

சரி, இந்த பி.எஸ்.ஏ. என்பது என்ன? ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கழுத்தில், சிறுநீர்க் குழாயை மோதிரம் மாதிரி சுற்றிக்கொண்டு ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் புரோஸ்டேட். இளவயதில் பெரிய நெல்லிக்காய் அளவு. விந்தை நீர்த்துப்போகச் செய்ய அது ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம்தான் பி.எஸ்.ஏ. இருக்க வேண்டிய இடம் சுரப்பிக்குள். அதில் துளியூண்டு ரத்தத்தில் கசியும். அதை நானோகிராமில் அளக்கிறோம். ஒரு கிராமை 100 கோடிப் பங்கு வைத்தால் ஒரு பங்கு ஒரு நானோகிராம். ஒரு மில்லி ரத்தத்தில் அப்படி நாலு பங்குக்கு மேல் இருந்தால் லேப் கம்ப்யூட்டர் சிவப்பு மை போட்டுவிடுகிறது.

முக்கியமான சங்கதி: இந்தப் புரதத்தைப் புற்றுநோய் செல் மட்டும் சுரப்பதில்லை, நல்ல செல்லும் சுரக்கிறது. சுரப்பி பெரிதானாலும் கசிவு கூடும், வீங்கினாலும் கூடும், இடிபட்டாலும் கூடும். புரோஸ்டேட்டில் ஏதோ நடக்கிறது என்று மட்டும்தான் இந்த எண் சொல்லும். என்ன நடக்கிறது என்று சொல்லாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. உங்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனியில் இருந்தவர்கள், இருப்பவர்கள். துணியில் வட்டமாக வெட்டி ஜி.எஸ்.எம். பார்க்கிறீர்கள். காம்பாக்டிங் முடிந்து சூடாக வந்த துணியில் உடனே வெட்டினால் ஒரு எண். விரித்துப் போட்டு, ரிலாக்ஸ் ஆன பிறகு வெட்டினால் வேறு எண். பையர் 180 கேட்டார், ஒரு வெட்டில் 172 வந்தது என்று மொத்த லாட்டையும் ரிஜெக்ட் செய்வீர்களா? துணி எந்த நிலையில் இருந்தது, எந்த இடத்தில் வெட்டினாய், தராசு எது என்று கேட்டுவிட்டு இன்னொரு தடவை வெட்டச் சொல்வீர்கள். மறுபடியும் அதே எண் வந்தால்தான் டையிங்காரருக்கு போன் போகும். துணிக்குக் காட்டுகிற அந்த நிதானத்தை நம் உடம்புக்கும் காட்டினால் போதும்.

அந்த 4 என்ற கோடும் ஒன்றும் கல்வெட்டு இல்லை. அமெரிக்காவில் இந்தச் சோதனைக்கு 1986ல் அனுமதி கொடுத்ததே, ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனிக்கத்தான். புதிதாகக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்று, அதுவும் விரல் பரிசோதனையோடு சேர்த்து, 1994ல்தான் சொன்னார்கள். வயதாக ஆகச் சுரப்பி பெரிதாகும், எண்ணும் மெல்ல ஏறும். அதனால் 40களில் 2.5, 50களில் 3.5, 60களில் 4.5, 70களில் 6.5 வரை என்று வயதுக்குத் தக்க அளவுகோலைப் பல மருத்துவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். 48 வயதுக்காரருக்கு 3.8 என்பது யோசிக்க வேண்டிய எண். 74 வயதுக்காரருக்கு 5 என்பது பெரும்பாலும் காபி குடித்துக்கொண்டே பேசலாம் என்கிற எண்.

இனி எண்ணை ஏற்றுகிற விஷயங்கள். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாட்களில் என்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

முதல் இடம் கிருமித் தொற்றுக்கு. சிறுநீர்த் தொற்றோ, புரோஸ்டேட் வீக்கமோ வந்தால் எண் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, சில நேரம் அதற்கும் மேலே எகிறும். இறங்க ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும், சிலருக்கு இன்னும் நாளாகும். ஷிப்மென்ட் நேரத்தில் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கிற பழக்கம் நம் ஊரில் அதிகம். அதனால் 'எனக்கு எரிச்சல் இருந்ததா, காய்ச்சல் இருந்ததா' என்ற கேள்விதான் முதலில்.

அடுத்தது, சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட்டிருந்தால், உள்ளே கேமரா விட்டுப் பார்த்திருந்தால், பயாப்ஸி எடுத்திருந்தால். இதற்கும் ஆறு வாரமாவது விட வேண்டும். போன மாதம் வேறொரு ஆபரேஷனுக்காக யூரின் டியூப் போட்டிருந்தாலும் சொல்லுங்கள். அதெல்லாம் கணக்கில் வரும்.

மூன்றாவதைக் கொஞ்சம் பூடகமாகச் சொல்கிறேன், பின்வரிசையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாம்பத்தியத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் எண் லேசாகக் கூடியிருக்கலாம். ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் இடைவெளி போதும். சைக்கிளும் அப்படித்தான். காலையில் அவிநாசி வரைக்கும் சைக்கிள் மிதிக்கிற நம் குழுவினர் அந்த இரண்டு நாள் நடந்து போகட்டும். சைக்கிளால் எண் ஏறுகிறது என்ற ஆய்வும் உண்டு, ஏறவில்லை என்ற ஆய்வும் உண்டு. இரண்டு நாள் நடப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஸ்கூட்டரில் கம்பெனிக்குப் போவதையெல்லாம் நிறுத்த வேண்டாம்.

நாலாவது, வயதால் வருகிற சாதாரண புரோஸ்டேட் வீக்கம். 50 தாண்டியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இது உண்டு. ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பது, நின்றுகொண்டே காத்திருப்பது, சொட்டுச் சொட்டாக வருவது. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் சுரப்பி பெரிது என்றால் கசிவும் பெரிது. இதில் நீங்களே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் புரோஸ்டேட் எத்தனை சி.சி. என்று எழுதியிருப்பார்கள். பி.எஸ்.ஏ.யை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 6 வந்திருக்கிறது, சுரப்பி 60 சி.சி. என்றால் விடை 0.10. அதே 6, சுரப்பி 25 சி.சி.தான் என்றால் 0.24. பொதுவாக 0.15க்கு மேல் போனால் மருத்துவர்கள் கூடுதல் கவனம் எடுப்பார்கள். இரண்டு பேருக்கும் சிவப்பு எழுத்து ஒன்றுதான், கதை வேறு.

இதெல்லாம் இல்லாமலே எண் ஆடும். ஒரே ஆளுக்கு, ஒன்றுமே நடக்காமல், 15, 20 சதவீதம் மேலே கீழே போவது சகஜம். லேபுக்கு லேப் மெஷினும் மாறும், அதனால் மறுபரிசோதனையை அதே லேபில் எடுங்கள். 2003ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில், 4க்கு மேல் வந்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு, பின்னால் எடுத்த சோதனைகளில் ஒன்றிலாவது எண் 4க்குக் கீழே வந்திருந்தது. ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு யாரும் பயாப்ஸி மேஜையில் படுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்விகளாக வந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கோழிக்கறி, காரம், காபி, எதுவும் இந்த எண்ணை ஏற்றாது. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியதும் இல்லை.

இனி நான் அதிகமாகப் பயப்படுகிற பக்கத்துக்கு வருகிறேன். எண்ணைக் கீழே இறக்கிக் காட்டுகிற விஷயங்கள். கூடுதலாக வந்தால் நாம் எல்லோரும் ஓடுகிறோம். குறைவாக வந்தால் பைலில் போட்டு மூடிவிடுகிறோம்.

புரோஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கிற ஃபினாஸ்டெரைடு, டுட்டாஸ்டெரைடு என்ற மாத்திரைகள், ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ.யைப் பாதியாக்கிவிடும். புற்றுநோய் இருந்தாலும் எண் பாதியாகத்தான் தெரியும். அப்படிப்பட்டவருக்கு 3 என்று வந்தால் அது 6 என்று படிக்க வேண்டும். மாத்திரை சாப்பிடும்போதே எண் மெல்ல ஏறுகிறது என்றால், 4க்குக் கீழே இருந்தாலும், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். டாம்சுலோசின் மட்டும் என்றால் இந்தத் தொல்லை இல்லை, அது எண்ணைத் தொடாது. ஆனால் கடையில் டாம்சுலோசினும் டுட்டாஸ்டெரைடும் சேர்ந்த ஒரே மாத்திரையாகவும் வருகிறது. அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

இதே ஃபினாஸ்டெரைடைக் குறைந்த அளவில் முடி கொட்டாமல் இருக்கவும் சாப்பிடுகிறார்கள். அந்த அளவிலும் பி.எஸ்.ஏ. ஏறத்தாழ பாதியாகும். 'வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா' என்று டாக்டர் கேட்டால், முடிக்குச் சாப்பிடுவதை யாரும் சொல்வதில்லை. வெட்கம். தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று வாங்குகிற பயோட்டின் இன்னொன்று. அது உடம்பில் ஒன்றும் செய்யாது, சில லேப் மெஷின்களைத்தான் ஏமாற்றும். பி.எஸ்.ஏ. இருப்பதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் நிறுத்திவிடுங்கள், லேபிலும் சொல்லுங்கள். உடல் பருமன் உள்ளவர்களுக்கும் எண் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

குறைந்த எண் என்றால் நிச்சயம் நிம்மதி என்பதும் இல்லை. 2004ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வில், பி.எஸ்.ஏ. 4க்கு மேல் போகாத ஆண்களுக்கும் பயாப்ஸி எடுத்துப் பார்த்தார்கள். 100க்கு 15 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அதில் பெரும்பாலானவை மந்தமான வகை, ஆனால் எல்லாமே அல்ல. அதனால்தான் விரல் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு ஒரு நிமிஷ வேலை. கெட்டியான கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டால், எண் என்னவாக இருந்தாலும் அது தனிக் கதை.

சரி, எட்டு வாரம் பொறுத்து, அதே லேபில் எடுத்து, மறுபடியும் கூடுதலாகவே வந்தால்? அப்போது யூராலஜிஸ்டிடம் போக வேண்டும். இதில் தயக்கம் கூடாது. 4க்கும் 10க்கும் நடுவில் இருந்தால், மேலைநாட்டுக் கணக்குப்படி பயாப்ஸியில் நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். 10க்கு மேல் என்றால் பாதிக்கு மேல். 'ஃப்ரீ பி.எஸ்.ஏ.' என்று இன்னொரு ரத்தச் சோதனை உண்டு. மொத்தத்தில் அது 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆறுதல், 10க்குக் கீழே போனால் கவலை. பிறகு எம்.ஆர்.ஐ. முன்பெல்லாம் எண் கூடினால் நேராக ஊசி. இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசியைப் பற்றிப் பேசுகிறார்கள். "ஊசி போட்டா பரவிருமாமே" என்று பி பிளாக் அக்கா ஒருவர் கேட்டார். அந்தப் பயத்தால் பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம். கவனிக்க வேண்டியது பரவுவதை அல்ல, கிருமித் தொற்றை. எடுத்த பிறகு குளிர் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, யூரின் டெஸ்ட்டும் சுத்தம். எண் மட்டும் கூடியிருக்கிறது. மெடிக்கல் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி பத்து நாள் சாப்பிட்டு எண்ணை இறக்கப் பார்ப்பது வீண். எண் தானாக இறங்கினாலும் மருந்துதான் இறக்கியது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இந்தச் சோதனையையே எல்லோரும் எடுக்க வேண்டுமா என்று உலகம் முழுக்கச் சண்டை இருக்கிறது. 1970ல் புரோஸ்டேட் ஆன்டிஜனைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்லின் என்ற விஞ்ஞானியே, 2010ல் பத்திரிகையில் எழுதி, எல்லா ஆண்களுக்கும் இதைச் செய்வதைக் கடுமையாக எதிர்த்தார். ஐரோப்பாவில் 16 வருடம் தொடர்ந்த ஆய்வில், 570 ஆண்களைச் சோதனைக்கு அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது என்று தெரிந்தது. ஒரு உயிர் சின்ன விஷயம் இல்லை. அதே சமயம், தொந்தரவே தராத மந்தமான புற்றுநோய்களையும் தோண்டி எடுத்து, ஆபரேஷன் செய்து, சிறுநீர் கசிவோடு வாழவைத்ததும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நோய்த் தடுப்புக் குழு 2018லிருந்து சொல்வது, 55 முதல் 69 வயது வரை மருத்துவரோடு பேசி அவரவர் முடிவு செய்யட்டும், 70க்கு மேல் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தால் 45லேயே பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு இந்தக் கடைசி வரி புத்தக வரி அல்ல. என் அண்ணன் காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருந்தார். இடுப்பு வலி. பிடிப்பு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். டாக்டர் தம்பியிடம் சொன்னால் ஊசி குத்துவான் என்று ஆறு மாதம் சொல்லவே இல்லை. ராத்திரி நாலு தடவை எழுந்ததையும் வயசு என்று விட்டுவிட்டார். பார்த்தபோது பி.எஸ்.ஏ. 600ஐத் தாண்டியிருந்தது, முதுகெலும்பு வரை போயிருந்தது. இரண்டு வருடம் இருந்தார். அண்ணி இன்றைக்கும் என்னைக் கேட்பார், "ஏனுங் தம்பி, ஒரு ரத்த டெஸ்ட்டு தானுங்களே?" அவருக்கு நான் 570 கணக்கையா சொல்ல முடியும்? அதனால், எண்ணைக் கண்டு அலறாதீர்கள் என்று சொல்கிற நானே இதையும் சொல்கிறேன்: விடாத முதுகு வலி, இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைப்பு, கால் மரத்துப்போவது, இதில் எது இருந்தாலும் எட்டு வாரம் காத்திருக்கிற பேச்சே இல்லை. மறுநாள் காலையே போங்கள்.

புற்றுநோய் என்றே முடிவானாலும் கதை அங்கே முடியவில்லை. இங்கிலாந்தில் சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் உள்ள 1,643 ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒன்றுக்குக் கதிர்வீச்சு, ஒன்றுக்கு வெறும் கண்காணிப்பு என்று வைத்தார்கள். 15 வருடம் கழித்து, 2023ல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலும் அந்த நோயால் இறந்தவர்கள் 100க்கு மூன்று பேர் அளவுதான். கண்காணிப்பில் இருந்தவர்களில் சிலருக்கு நோய் பரவியது அதிகம், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் மந்தமான வகை என்றால், அவசரமாக முடிவெடுக்காமல் இரண்டாவது கருத்துக் கேட்க நேரம் இருக்கிறது. செலவைப் பற்றிக் கேட்டீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், அந்தத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

சி பிளாக் தம்பி கேட்டது: "அமெரிக்க முன்னாள் அதிபர் பைடனுக்கே கடைசியில்தானே தெரிஞ்சுது?" உண்மைதான். 2025 மே மாதம் அறிவித்தபோது எலும்புக்குப் பரவியிருந்தது. கடைசியாக பி.எஸ்.ஏ. எடுத்தது 2014ல் என்று அவர் அலுவலகம் சொன்னது. அப்போது அவருக்கு 71, 72 வயது. 70க்கு மேல் வழக்கமாக வேண்டாம் என்ற பரிந்துரை அவருக்கும் பொருந்தும். இன்னொரு பக்கம், தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுக்கு 1997ல் கண்டுபிடித்தார்கள். அவர் 2021ல், 90 வயதில்தான் காலமானார். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிற 72 வயதுக்காரர் எடுக்க விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த 80 வயதுக்காரருக்குப் பிள்ளைகள் பேக்கேஜில் சேர்த்து எடுத்தால், ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பேன்.

அடுத்த முகாமில் பி.எஸ்.ஏ.யைப் பேக்கேஜிலிருந்து தனியாக எடுத்து, வேண்டுமென்று சொல்பவர்களுக்கு மட்டும் செய்யச் சொல்லி நம் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். அன்று ராத்திரி வந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு மறுபரிசோதனைத் தேதி இன்னும் வரவில்லை. ஒருவர் யூராலஜிஸ்டைப் பார்த்துவிட்டார். நாலாமவர் சாப்பிட்டது என்ன மாத்திரை என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. "வெள்ளை மாத்திரைங்க" என்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பூங்கா பெஞ்சில்தான் இருப்பேன். வரும்போது இந்த ரிப்போர்ட், பழைய ரிப்போர்ட், ஸ்கேன், எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். மாத்திரையை அல்ல, அட்டையோடு கொண்டு வாருங்கள்.